சக்கையன் கட்சி

அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது டி.வி. முன்னால் மட்டும்தான். அதுவும் எல்லாப் படத்துக்கும் கிடையாது. ஊர் உலகமே வயிறு வலிக்கச் சிரித்த மலையாளப் படங்களை அவள் கல் மாதிரி உட்கார்ந்து பார்ப்பாள். ஜப்பான்காரன் எடுத்த பழைய பூதப் படம் ஒன்றைப் போட்டு, அதில் ஒரு பாலம் இரண்டாக முறிந்தால் போதும், தெருமுனை வரை கேட்கும்படி சிரிப்பாள்.

அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் தமக்கையை. நாத்தனார் என்று எழுதினால் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே ஒரு சண்டை உட்கார்ந்திருக்கிறது. எங்களுக்குள் சண்டை நடந்ததே இல்லை. நடந்திருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தொண்ணூற்று மூன்றில் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்துக்கு வந்தேன். மாமனார் மாமியார் இல்லாத வீடு. கல்லூரியில் கெமிஸ்ட்ரி எடுக்கும் கணவர், அவரைவிட ஒன்பது வயது பெரிய அக்கா, அவ்வளவுதான். "மாமியார் இல்லாத வீடு, ராணி மாதிரி இருப்பே" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பிவைத்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருக்கிறேன், கூடத்திலிருந்து ஆயிரம் பேர் அலறி ஓடுகிற சத்தம். அதற்கு மேலே யாரோ சிரிக்கிற சத்தம். கையில் கரண்டியோடு ஓடிப் போய்ப் பார்த்தேன்.

டி.வி.யில் வெளிறிப்போன ரோஜா நிற வானம். அதன் கீழே ஒரு பட்டணம். நடுவில் மலை மாதிரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. முதுகெல்லாம் பலாப்பழத் தோல், குட்டைக் கைகள், அது வாலைத் திருப்பினால் ஒரு தெரு அப்படியே சரிந்தது. அக்கா பிரம்பு நாற்காலியில் சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் மரச்சீனிக் கிழங்கு வறுவல் கிண்ணம். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வா, உக்காரு. நீ யார் கட்சி?"

"என்ன கட்சி அக்கா?"

"மனுஷா கட்சியா, சக்கையன் கட்சியா?"

இந்த ஊரில் பலாவுக்குச் சக்கை என்று பெயர். படத்தில் அந்த மிருகத்துக்கு ஏதோ ஜப்பான் பெயர் இருந்தது. சக்கையன் என்பது அக்கா வைத்தது. நான் மனுஷா கட்சிதான் என்றேன். வேறு என்ன சொல்வது?

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவா," என்று திரைக்குத் திரும்பிக்கொண்டாள். சக்கையன் ஒரு பாலத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாயைப் பிளந்து கத்தியது. "பாவம். அதுக்கு நல்ல வெஷமமாக்கும்," என்றாள்.

எனக்குத் தெரிந்த விஷமம் குறும்புதான். பட்டணத்தையே நாசம் பண்ணுகிறதைக் குறும்பு என்கிறாளே, இவளுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று கரண்டியோடு நின்று யோசித்தேன். திருவனந்தபுரத்தில் வெஷமம் என்றால் மனக்கஷ்டம், துக்கம் என்று எனக்குப் பிடிபட ஐந்தாறு மாதம் ஆயிற்று.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடியோ லைப்ரரி இருந்தது. கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய யாரோ ஒருவர் ஒரு பெட்டி காசெட்டுகளை அந்தக் கடையில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். அதில் பதினொன்று பழைய ஜப்பான் பூதப் படங்கள். எல்லாவற்றிலும் இங்கிலீஷில் குரல் சேர்த்திருக்கும். வாய் மூடிய பிறகும் பேச்சு வந்துகொண்டிருக்கும். கடைக்காரர் அவற்றை அடித்தட்டில் போட்டுவைத்திருந்தார். அக்கா ஒருத்திதான் மாற்றி மாற்றி எடுத்தாள். எப்போதாவது வேறு யாராவது தெரியாமல் எடுத்துப் போய் அன்றைக்கே திருப்பிக் கொடுத்தால், கடைக்காரர் தெருவில் அவளைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்தி, "சேச்சி, நம்மடெ பூதம் திரிச்செத்தி, கேட்டோ" என்று, பூதம் திரும்பி வந்துவிட்டதைச் சொல்வார். கேபிள் வந்து அவர் கடையை மூடியபோது பதினொன்றும் அக்காவின் பீரோவுக்கு வந்து சேர்ந்தன. ஆபீஸ் புடவைகளுக்கு அடியில் வரிசையாக அடுக்கியிருந்தாள்.

ஏமாந்து பார்க்கிறாள் என்று நினைத்துவிடக் கூடாது. என்னைவிட அவளுக்குத் தெரியும். "முதுகுல ஜிப் தெரியறது பாத்தியா?" என்று காட்டுவாள். "அந்த ரயில் கொலுவுல வெக்கற ரயில். கடல்னு காட்டறானே, அது தண்ணித் தொட்டி." அவ்வளவும் தெரிந்து எப்படி இப்படி ரசிக்க முடிகிறது என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ரப்பர்னு தெரிஞ்சதுனாலதாண்டி. நெஜமா ஒரு கட்டடம் இடிஞ்சா சிரிக்க முடியுமோ? உள்ள மனுஷா இருப்பாளே. இதுல உள்ள ஒருத்தரும் இல்லை. வெறும் அட்டைப்பெட்டி. எத்தனை வேணாலும் இடிக்கலாம்."

இடிப்பதைவிட அவளுக்குப் பிடித்தது அதற்கு முந்திய அரை நிமிஷம். மேஜை மேல் ஒரு கப்பில் காபி நடுங்கும். பறவைகள் கூட்டமாகக் கிளம்பிப் போகும். ஒரு நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். அப்போது நான் மூச்சு விட்டால்கூட அவளுக்குக் கோபம் வரும். பிறகு ஒரு கால் வந்து இறங்கும். "அவசரமே படாது பாரு," என்பாள். "நாம பஸ்ஸுக்கு ஓடறோமே, அந்த மாதிரியா நடக்கறது? ஊர் வழிவிடட்டும்னு நடக்கறது."

கடைசிப் பத்து நிமிஷம் அவள் பார்க்க மாட்டாள். எல்லாப் படத்திலும் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு விஞ்ஞானி ஏதாவது ஒரு மெஷினைக் கண்டுபிடித்துக்கொண்டு வருவான். அவன் துணியை விலக்கி மெஷினைக் காட்டியதுமே அக்கா எழுந்து டி.வி.யை அணைத்துவிடுவாள். "கண்ணாடிக்காரன் வந்துட்டான். போறும். இனிமே மனுஷா ஜெயிக்கறதுதான். அதை ஆபீஸ்லயே பாக்கறேன்."

டெலிபோன் ஆபீஸில் வேலை. முதலில் டிரங்க் கால் போட்டுக் கொடுப்பவளாக இருந்தாள். மனிதர்களே நேராக நம்பர் சுழற்றிக்கொள்ளலாம் என்று ஆனபிறகு புகார் வாங்கும் பிரிவில் உட்காரவைத்தார்கள். காலை ஆறு மணிக்குப் போனால் ஒரு மணிவரை ஊரில் செத்துப்போன டெலிபோன்கள் அத்தனைக்கும் அவள் பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை திடீரென்று மழை பிடித்துக்கொண்டதால் குடை கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். நீளமான மேஜை, பத்து பெண்கள். அக்கா ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தாள். நான் நின்ற இடத்துக்கே குரல் கேட்டது.

"பத்து திவசமாயிட்டு போன் டெட்! நீயொக்கெ எந்தினா அவிடெ இரிக்குந்நது?"

பத்து நாளாக போன் செத்துக் கிடக்கிறது, நீயெல்லாம் எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிறான். அதற்குப் பிறகு அவன் சொன்ன சொற்களை எழுத முடியாது. அக்கா அவன் மூச்சு வாங்கும்வரை காத்திருந்து, "நோட் செய்திட்டுண்டு சார். இன்னு ஆளெ விடாம் சார்," என்றாள், இன்றைக்கே ஆளை அனுப்புவதாக. அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. வெல்லம் போட்டுக் காய்ச்சிய மாதிரி ஒரு குரல். ரிசீவரை வைத்ததும் அடுத்தது அடித்தது. அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து, சக்கையன் டெலிபோன் கம்பங்களைக் கால் இடறிக் கம்பியோடு இழுத்துக்கொண்டு போகும் காட்சியை நான்கு தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். நான்காவது தரம் நானும் சிரித்தேன்.

இதை வைத்து அவளை ஒரு பாவப்பட்ட பெண் என்று எண்ண வேண்டாம். என் சமையலில் உப்பு ஒரு கல் கூடினால் சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பாள். ரிமோட்டை யாரும் தொடக் கூடாது. எதிர்வீட்டு மாமி ஒருநாள் கூடத்தில் எட்டிப் பார்த்து, "இந்த வயசுல இதெல்லாம் என்னத்துக்குப் பாக்கறே? பெருமாள் பாட்டு ஏதாவது போடக் கூடாதோ?" என்றாள். அக்கா திரும்பாமலே சொன்னாள்: "மாமி, நீங்க தெனம் சீரியல் பாத்து அழறேளே, அதுல குடும்பம் மட்டும்தான் இடியறது. இதுல பாலமும் இடியும்." மாமி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு நவராத்திரிக்குக்கூட வரவில்லை.

அக்கா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சயன்ஸ் படம் என்று நினைத்து டீச்சர்கள் வகுப்போடு ஒரு தியேட்டருக்கு அழைத்துப் போனார்களாம். திரையில் பூதம் வந்ததும் பாதிப் பெண்கள் அழுதுவிட்டார்கள். அழுதவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினார்கள். சிரித்த இவளை மட்டும் வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். "அழுதா ஆள் வரும், கேட்டியா. சிரிச்சா தனியாத்தான் நிக்கணும்," என்று அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பம்பாயில் பதினோரு மாதம் இருந்துவிட்டு ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் என்று என் கணவருக்கே தெரியாது. என்னிடம் ஒரே ஒரு தடவை அதைத் தொட்டுப் பேசினாள். அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு மீட்டிங் வரும். நீளமான மேஜை, கோட் போட்ட ஆண்கள், சுவரில் வரைபடம், பூதத்தை என்ன செய்வது என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசுவார்கள். அந்தக் காட்சியில் அக்கா வறுவல் எடுக்கிற கையை நிறுத்திவிட்டு, "நான் திரும்பி வந்தப்பவும் இதே கூடத்துல இப்படித்தான் உக்காந்தா," என்றாள். "அப்பா, பெரியப்பா, சித்தப்பா, பம்பாய்க்காரா மூணு பேர். என்னை வெச்சுண்டு என்ன பண்ணறதுன்னு. நான் உள்ளேதான் இருந்தேன். ஒருத்தரும் கூப்பிடலை."

"நீங்களே வந்து சொல்லியிருக்கலாமே அக்கா."

"அது பேசுமோ?" என்று திரையைக் காட்டினாள். "அதுக்குக் கத்தத்தான் தெரியும்."

தொண்ணூற்று ஏழில் நான் உண்டானேன். எட்டாம் மாதம் சீமந்தம். அம்மா முன்னதாகவே வந்துவிட்டாள். வந்த முதல் நாள் மத்தியானமே கூடத்தில் சக்கையனைப் பார்த்துவிட்டு என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "பிள்ளைத்தாச்சி இருக்கற வீட்டுல இந்த ரூபத்தைப் போட்டுண்டு உக்காந்திருக்காளே, உங்காத்துக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா? கண்ணுல பட்டது வயத்துல படாதா?" என்றாள். நான் நான்கு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. எனக்குமே அந்த மாதங்களில் அக்காவின் சிரிப்பு எரிச்சலாக இருந்தது. வீட்டில் எல்லாரும் என்னைச் சுற்றி நடக்கும்போது அவள் மட்டும் வழக்கப்படி நாற்காலியில் உட்கார்ந்து, பட்டணம் இடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீமந்தத்தை வீடியோ எடுத்தார்கள். ஊருக்குக் கொண்டுபோக அம்மாவுக்கு ஒரு பிரதி வேண்டும் என்றாள். சீமந்தத்துக்கு வந்திருந்த என் தம்பி, பிரதி எடுக்க ஒரு சிநேகிதன் வீட்டு வி.சி.ஆரையும் தூக்கிக்கொண்டு வந்தான். வீட்டில் காலிக் காசெட் இல்லை. கடைக்குப் போனால் பத்து நிமிஷத்தில் வாங்கி வந்திருக்கலாம். நான் அக்காவின் பீரோவைத் திறந்து சக்கையனை எடுத்துக்கொண்டு வந்தேன்.

லைப்ரரி காசெட்டுகளில் மேலே எதுவும் பதியாமல் இருக்க ஓரத்தில் இருக்கும் சின்னத் தகட்டை உடைத்துவிடுவார்கள். அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் பதியலாம். அதை ஒட்டியது என் கை. தம்பி, "இதுல ஏதோ இருக்கே, பரவாயில்லையா?" என்று கேட்டான். "பழசு, வேண்டாதது," என்றேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று பின்னால் எல்லாரிடமும் சொன்னேன். தெரிந்துதான் செய்தேன்.

அம்மாவோ அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து டியூட்டி முடிந்து வந்த அக்கா, கிண்ணத்தில் வறுவல் போட்டுக்கொண்டு, டி.வி. பக்கத்தில் கிடந்த காசெட்டை வி.சி.ஆருக்குள் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். திரையில் நான் பட்டுப்புடவையில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை. வறுவலைத் தொடவில்லை. ஒன்றேகால் மணி நேரம், எனக்கு யார் யார் மஞ்சள் பூசினார்கள், யார் யார் பாடினார்கள் என்று முழுவதும் பார்த்தாள். கடைசியில் திரை கரகரவென்று புள்ளியடித்தது. சீமந்தம் மூடாமல் விட்ட மிச்சப் படம் வந்தது. கண்ணாடிக்காரன் மெஷினின் துணியை விலக்கினான். சக்கையன் கடலுக்குள் முகம் குப்புற விழுந்தது. மேஜைக்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உன் பொடவை நன்னா இருக்குடி," என்றாள் எழுந்து. "அதுல நான் பாக்காதது ஒண்ணுதான் இருந்தது. அதை விட்டுவெச்சிருக்கே." காசெட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஆண் குழந்தை பிறந்தது. அழவில்லை. கழுத்தில் கொடி மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது என்று டாக்டரம்மா சொன்னார். யாருக்கு வேண்டுமானாலும் நடக்கலாம், யாரும் எதுவும் செய்ததால் வந்ததில்லை என்று என் தலையைத் தடவிச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அம்மா கூடத்தில் நின்று வேறு காரணம் சொன்னாள். அக்கா காதில் விழும்படிதான் சொன்னாள். "அந்த மூஞ்சிகளைப் பாத்துப் பாத்து வந்த வினை. நான் அப்பவே அடிச்சுண்டேன்."

அக்கா அப்போது எனக்காகக் கஷாயம் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். அவள் எதிர்வீட்டு மாமியிடம் பேசிய வாயால் ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கஷாயத்தை இறக்கி வடிகட்டினாள். கணவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இல்லை அம்மா, டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். யார் மீதாவது அது போய் உட்காரட்டும் என்று இருந்தது.

அம்மா ஊருக்குப் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. கணவர் கல்லூரிக்கும் வீட்டுக்குமாக நடந்தார். வந்தவர்கள் எல்லாரும் மனசைத் தேற்றிக்கொள் என்றார்கள். ஒருநாள் மத்தியானம் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"வெஷமமா இருக்கா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"எழுந்து வா."

கூடத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தாள். சக்கையன் போய்விட்டது, இது வேறு படம். கடலிலிருந்து ஒரு நண்டு, கோயில் கோபுரத்தைவிடப் பெரியது, அதன் கொடுக்கு ஆடுவதைப் பிடித்திருக்கும் கயிறுகூடத் தெரிந்தது. அது துறைமுகத்தில் ஏறி ஒரு கப்பலை நசுக்கிற்று. ரயில் நிலையத்தைப் பிய்த்தது. வெள்ளை வெளேர் என்று ஒரு பெரிய கட்டடம், வரிசை வரிசையாக ஜன்னல், ஆஸ்பத்திரிதான் அது, அதன்மேல் மெதுவாக ஒரு காலை வைத்தது. கூரை உள்ளே போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வயிற்றுத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையாயிற்று என்றும் தெரியவில்லை. அக்கா அழு என்றும் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. கையை நீட்டி வறுவல் கிண்ணத்தை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேலாக, அவள் காலை டியூட்டி முடிந்து வரும் நாளெல்லாம் நாங்கள் பார்த்தோம். காபிக் கப்பு நடுங்கும்போது இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். கண்ணாடிக்காரன் வந்ததும் நான் எழுந்து அணைப்பேன். ரிமோட்டை என்னிடம் கொடுத்திருந்தாள். "இப்ப நீ யார் கட்சி?" என்று ஒருநாள் கேட்டாள். "சக்கையன் கட்சி," என்றேன். "சக்கையனைத்தான் நீ கொன்னுட்டியே," என்றாள். நான் தெரிந்துதான் செய்தேன் என்பது அவளுக்கும் தெரியும் என்று அன்றைக்குப் புரிந்தது. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், "படம் பாரு" என்றுவிட்டாள்.

இரண்டாயிரத்தில் மறுபடியும் உண்டானேன்.

இந்த முறை அம்மா மூன்றாம் மாதமே வந்தாள். கூடவே தம்பி. என் கணவரின் சித்தப்பா கரமனையிலிருந்து வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா டியூட்டியில் இருக்கும்போது, கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். நான்தான் காபி கொடுத்தேன். கொஞ்ச நாளைக்கு அவள் வேறெங்காவது இருக்கட்டும் என்று சித்தப்பா தொடங்கினார். விழிஞ்ஞம் போகும் வழியில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரு விடுதி இருக்கிறது, சுத்தமான இடம், அவருக்குத் தெரிந்தவர்கள் நடத்துகிறார்கள். தம்பி சரி என்றான். கணவர் கப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "வீடு அவ பேர்லயும் இருக்கு. அவளை எப்படிப் போன்னு சொல்றது?" என்றார். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ சொல்லு," என்றார். "உனக்கு எப்படித் தோணறதோ அப்படிப் பண்ணலாம்."

வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு அது முடிந்திருக்கும். ரப்பர் பூதங்களால் எனக்குத் துளி பயம் கிடையாது. மறுபடியும் அப்படி ஒன்று நடந்தால் இந்தத் தடவை இவர்கள் யாரைச் சொல்வார்கள் என்பதுதான் என் பயம். அவளோடு உட்கார்ந்து ஒரு வருஷம் படம் பார்த்தவள் நான் என்று அம்மாவுக்குத் தெரியாது.

"எனக்கு பயமா இருக்கு," என்றேன்.

ஒரு மணிக்குப் பிறகு அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றியவள் நாற்காலிகளைப் பார்த்தாள், காலிக் கப்புகளைப் பார்த்தாள், வாசல்படியிலேயே நின்றாள்.

"மீட்டிங் முடிஞ்சுதா?" என்றாள் என்னைப் பார்த்து.

கத்துவாள், தெருவைக் கூட்டுவாள் என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்தார்கள். அவள் சித்தப்பாவிடம் விடுதியின் பெயரைக் கேட்டாள், எந்தப் பஸ் போகும் என்று கேட்டாள். ஆபீஸில் பேசும் அந்த வெல்லக் குரலில் கேட்டாள். அடுத்த நாள் காலை ஒரு பெட்டியோடு கிளம்பினாள். கணவர் பெட்டியை வாங்கப் போனார். "விடுடா, எனக்குத் தூக்கிப் பழக்கம்தான்," என்றாள். காசெட்டுகளை எடுத்துக்கொள்ளவில்லையா என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வி எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"அங்க வி.சி.ஆர். கெடையாதாம்," என்றாள். பிறகு, "கொழந்தை நன்னாப் பொறக்கட்டும்," என்றாள்.

குழந்தை நன்றாகப் பிறந்தது. பெண். மூன்று கிலோ, பிறந்ததும் ஆஸ்பத்திரி அதிர ஒரு கத்துக் கத்தினாள். அம்மா என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை, "பாத்தியா?" என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லத் தேவை இருக்கவில்லை. என் பெண் நல்லபடியாகப் பிறந்ததே அக்காவுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. கொஞ்ச நாளைக்கு என்று சொன்னதை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. கணவர் மாதத்துக்கு ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்பேன். "ஒண்ணும் இல்லை, நன்னா இருக்கா," என்பார். காசெட்டுகளில் பூஞ்சை பிடித்தது. வெள்ளையடிக்க வந்தவர்களிடம் குப்பையோடு கொடுத்துவிட்டோம்.

பெண்ணுக்கு ஒரு வயது ஆகும்போது, யாரிடமும் சொல்லாமல், அவளைத் தூக்கிக்கொண்டு கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினேன். விடுதியின் வாசலில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அக்கா அதில்தான் வந்து உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். முடியில் பாதி நரைத்திருந்தது. சாப்பாடு பரவாயில்லை என்றாள். கூடத்தில் டி.வி. இருக்கிறது, பெண்கள் சீரியல் போடுகிறார்கள், தான் அந்தப் பக்கம் போவதில்லை என்றாள். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று. "உன்னைவிடத் தேவலை," என்றாள். இரண்டு பேருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

என் பெண் அதுவரை என் தோளில் முகம் புதைத்திருந்தவள், அந்தச் சிரிப்பைக் கேட்டுத் திரும்பினாள். அக்காவையே பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். புது முகம் கண்டால் வீறிடுகிற குழந்தை அது.

அக்கா பெஞ்சில் பின்னுக்கு நகர்ந்துகொண்டாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாண்டி. நாளைக்குக் கொழந்தைக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட என்னைச் சொல்லுவா."

"யாரும் சொல்ல மாட்டா அக்கா. தூக்கிக்கோங்கோ."

"நீ சொல்ல மாட்டியா?" என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை. நான் என்ன சொல்வேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். குழந்தை கைகளை நீட்டியபடி என் இடுப்பில் திமிறிக்கொண்டிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது. அக்கா எழுந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. பல் முளைக்கிற காய்ச்சல், இரண்டே நாளில் போய்விட்டது. அதற்குள் அம்மா திருநெல்வேலியிலிருந்து போன் செய்தாள். கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏண்டி, அவ கிட்ட எங்கயாவது கொழந்தையைக் கொண்டுபோய்க் காட்டினியா?"

"இல்லையே," என்றேன். "நான் எதுக்கு அங்க போறேன்?"

அக்கா அதற்கப்புறம் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தாள். எதுக்கு அங்க போறேன் என்று அன்றைக்குச் சொன்னதை நான் ஒரு நாள்கூடப் பொய்யாக்கவில்லை.